பார்வைமேடையில் கைக்கும் ஒரு காட்சி: தொட்டறியும் மாதிரி அமைப்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தொண்டூழியர் குழு பார்வைக் குறைபாடுடைய மூத்தோரை மாதம் ஒருமுறை பூங்காக்களுக்கு அழைத்துச் செல்கிறது. ஃபேபர் மலை உச்சிக்குப் போனால் ‘அதோ கடல், அதோ செந்தோசா’ என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அங்கே ஒரு பிரெயில் பலகை வைக்கச் சொல்லிப் பரிந்துரைக்கலாமா? முப்பரிமாண அச்சில் மலையைச் செய்து வைத்தால் போதுமா? எந்தப் பொருளில், எவ்வளவு பெரிதாகச் செய்வது? தமிழிலும் பிரெயில் வேண்டுமா?

பதில்:

பிரெயில் பலகையில் தொடங்காதீர்கள், அது கடைசி வேலை. ‘இங்கிருந்து கெப்பல் துறைமுகமும் செந்தோசாவும் தெரியும்’ என்று பிரெயிலில் பொறித்து வைத்தால், இப்போது வாயால் சொல்வதைப் புள்ளியால் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அதுவும் எத்தனை பேர் படிப்பார்கள்? நீரிழிவாலோ கண்ணழுத்த நோயாலோ அறுபது வயதுக்குமேல் பார்வை போனவர்களில் பெரும்பாலோர் பிரெயில் கற்றதே இல்லை. நீரிழிவு விரல்நுனி உணர்வையும் மழுக்கிவிடும். உங்கள் குழுவில் வருபவர்கள் மூத்தோர் என்பதால், மாதிரியை மழுங்கிய விரலுக்கும் பேசும்படி வடிவமைக்க வேண்டும். மங்கலாகவாவது பார்வை உள்ளவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நிற வேறுபாடு உதவும்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, அந்த இடத்துக் காட்சி எதைச் சொல்கிறது என்பது. கண் மொத்தத்தையும் ஒரே அள்ளாக அள்ளி, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். விரலுக்கு அந்த வசதி இல்லை. அது ஒவ்வொன்றாகத் தொட்டு, வரிசையை நினைவில் வைத்து, மனத்துக்குள் சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால்தான் கண்ணுக்கு அற்புதமாக இருக்கும் நுணுக்கமான நகர மாதிரி, விரலுக்கு முள்ளங்கி துருவியைத் தடவியதுபோல் இருக்கிறது. ஒரு மாதிரித் தட்டுக்கு ஒரு செய்தி போதும். இரண்டு இருந்தால் இரண்டு தட்டு.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காலாங் ஆறு அங்கே முன்பு 2.7 கிலோமீட்டருக்கு நேராக ஓடிய சிமெண்டுக் கால்வாய். அதை வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் பூங்காவைத் திறந்தார்கள். முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலம். இப்போது பெருமழையில் ஏறத்தாழ 100 மீட்டர்வரை விரியும். பார்ப்பவர்களுக்குப் புல்வெளியும் ஆறும்தான் தெரியும். பழைய கால்வாய் யார் கண்ணுக்கும் இல்லை. விரலுக்கு அதையும் சேர்த்துக் காட்டலாம். 1:3000 அளவில் 90 செ.மீ. நீளப் பலகை. மேல்பாதியில் சதுர விளிம்போடு நேரான ஒரு பள்ளம், 90 செ.மீ. கீழ்ப்பாதியில் உருண்ட கரைகளோடு நெளியும் ஒரு பள்ளம், அதே இரு முனைகளுக்கு நடுவே சுமார் 107 செ.மீ. இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களையும் ஒன்றாக ஓடவிட்டால், கால்வாயில் போன விரல் முன்னே போய்க் காத்துக்கொண்டிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏன் நிதானமாகப் போகிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு சிக்கல்: 1:3000இல் 20 மீட்டர் அகலம் 7 மி.மீ.தான், விரல் இறங்காது. 14 மி.மீ. ஆக்குங்கள், ஆனால் இரண்டு பள்ளத்தையும், வெள்ளம் பரவும் சரிவையும் ஒரே விகிதத்தில் அகலமாக்குங்கள். ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் பொய்யாகிவிடும்.

இனி உங்கள் ஃபேபர் மலை. அங்கே காட்சி சொல்வது, நாம் உயரத்தில் நிற்கிறோம், காலடியில் நிலம் சட்டென்று இறங்கிக் கடலாகிறது, கடலுக்கு அப்பால் தீவு கிட்டத்திலேயே இருக்கிறது என்பதை. 90 × 50 செ.மீ. தட்டில் 1:4000 அளவு வைத்தால் 3.6 × 2 கிலோமீட்டர் பரப்பு அடங்கும். உச்சியிலிருந்து செந்தோசாவரை வந்துவிடும். மலை சுமார் 100 மீட்டர், அதாவது 25 மி.மீ. தடவினால் மேடு என்று தெரியும், மலை என்று தோன்றாது. உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கி 50 மி.மீ. வையுங்கள். மூன்று மடங்கு வேண்டாம்; ஃபேபர் மலை இமயமலை ஆகிவிடும், பிறகு நிஜச் சரிவில் நடந்தவர் ‘இது அது இல்லையே’ என்பார்.

இந்தத் தட்டின் உயிர் கேபிள் கார். 1974இல் தொடங்கியது, மலையிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வழியாகக் கடலைத் தாண்டிச் செந்தோசாவுக்குப் போகிறது. 4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றை உச்சியிலிருந்து தீவுவரை இழுத்துவிட்டால், விரல் அதைப் பிடித்துக்கொண்டே மலை, கரை, கடல், தீவு என்று முழுக் காட்சியையும் வரிசை தவறாமல் கடந்துவிடும். தேடித் தடவ வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கம்பியை அந்தரத்தில் விடாதீர்கள். விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரம் 8 மி.மீ.க்கும் 25 மி.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளியைச் சிறு விரல் சிக்கும் ஆபத்தாகக் கருதுகிறது. கம்பிக்கு அடியில் 3 மி.மீ. தடிமனில் மெல்லிய சுவர் எழுப்பி நிலத்தோடு சேர்த்துவிடுங்கள். குரங்கு பிடித்து ஆட்டினாலும் அசையாது. நம் ஊர்க் காட்டோரப் பூங்காக்களில் இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல.

ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் உள்ள கட்டடங்கள் எல்லாவற்றையும் வைக்க ஆசை வரும். மூன்று நான்கு போதும், தட்டையான கூரை, கூர்மையான விளிம்பு. மற்றவை சேர்ந்து ஒரே சொரசொரப்பான பரப்பு.

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தையும் இதே தட்டில் திணிக்காதீர்கள். 274 மீட்டர் நீளம், சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரம். 1:4000இல் 7 செ.மீ. நூலாகிவிடும், அதன் அலை வடிவம் காணாமல் போய்விடும். அதற்குத் தனித் தட்டு, 1:500. பாலம் 55 செ.மீ. நீளம், சாலைக்கு மேல் 72 மி.மீ. விரல்கள் பாலத்துக்கு அடியில் தாராளமாகப் போகும், கீழே கார் போகிற மாதிரி. பாலம் மலையைத் தொடும் இரு முனைகளிலும் இடைவெளி குறுகிக்கொண்டே வந்து அந்த 25 மி.மீ. ஆபத்துக்குள் நுழையும், அங்கே மண்ணை ஏற்றி மூடிவிடுங்கள். பக்கத்தில் அதே அளவில் 12 மாடி வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக் ஒன்றை நிறுத்துங்கள், அதுவும் சுமார் 72 மி.மீ. வரும். ‘36 மீட்டர்’ என்ற எண்ணை விரல் மறந்துவிடும், மின்தூக்கியில் தினம் ஏறி இறங்கும் உயரத்தை மறக்காது. பாலத்தின் மேல் ஓர் ஆளின் உயரத்தைக் காட்ட 3.5 மி.மீ. மணி ஒன்று. அதே சமயம், அங்கேயே தொடக்கூடியதை மாதிரியில் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பாலாவ் மரப்பலகைத் தளமும் வளைந்தெழும் எஃகு விலாக்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிஜமாகவே இருக்கின்றன. மாதிரியைத் தொட்டுவிட்டு விலாவைத் தொட அழைத்துப் போங்கள். மெக்ரிட்சி மரவுச்சிப் பாதைக்கும் இதே கணக்குதான்: தொங்கு பாலம் 250 மீட்டர், காட்டுத் தரையிலிருந்து மிக உயர்ந்த இடம் 25 மீட்டர். அங்கே படுக்கைத் தட்டு உதவாது. 1:50 அளவில் செங்குத்தாக ஒரு மரம், 50 செ.மீ. உயரத்தில் பாலம், அடியில் 34 மி.மீ. ஆள்.

இனி விரலுக்குள்ள வரம்புகள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இல்லாவிட்டால் ஒரே கோடாகத் தெரியும். மூத்தோருக்கு 5 வையுங்கள். அளவு காட்டும் அந்த ஆள் மணியைத் தவிர, தனிப் பொருள் எதுவும் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 1.5 மி.மீ.யாவது எழும்பி நிற்க வேண்டும். விளிம்புகளில் 1 மி.மீ. உருட்டல், மலையுச்சிகளை உள்ளங்கை பட்டாலும் குத்தாதபடி மொட்டையாக்குங்கள். பரப்பு வகைகள் ஐந்தைத் தாண்டினால் எந்தச் சொரசொரப்பு எது என்று யாருக்கும் நினைவிருக்காது. தண்ணீருக்கு அலை வரி போடுவது தட்டை வரைபடத்தில் சரி. மேடு பள்ளமுள்ள மாதிரியில் தண்ணீரைத் தாழ்வாக, வழவழவென்று மெருகேற்றி விட்டாலே போதும். ‘இது தண்ணி’ என்று விரல் தானாகச் சொல்லும். காட்டுக்கு 4 மி.மீ. இடைவெளியில் உருண்ட மொக்குகள். பாதைக்குத் தொடர்ச்சியான ஒரே புடைப்புக் கோடு, நடுவில் அறுபடாமல்.

‘நீங்கள் நிற்கும் இடம்’ என்பதற்கு 8 மி.மீ. எஃகு அரைக்கோளம், தட்டின் முன்விளிம்பை ஒட்டி நடுவில். தட்டை வடக்கு மேலே வரும்படி வைப்பது வரைபடப் பழக்கம். இங்கே அது தவறு. நிற்பவர் எதை நோக்கி நிற்கிறாரோ அதுவே தட்டின் மேல்பக்கம். தட்டில் இடது பக்கம் இருப்பது அவருடைய இடது பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி கையில், காட்சி முதுகில் என்று ஆகிவிடும்.

நில உயரத் தரவு எங்கே எடுப்பது? பலரும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விண்வெளி ஓடத்து ராடார் தரவைத் தேடிப் போய் ஏமாறுவார்கள். அதன் கட்டம் 30 மீட்டர். 1:4000இல் ஏழரை மி.மீ. படிக்கட்டு. அதைவிட மோசம், ராடார் தரையை அல்ல, மேலே இருப்பதைப் பார்க்கிறது. மரக் கவிகையும் வீவக புளோக்கும் மலையாகிவிடும். 100 மீட்டர் மலையில் 20 மீட்டர் மரம் சின்னப் பிழையில்லை. லேசர் அளவீட்டில் தரைப் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்த தரவு வேண்டும். சிங்கப்பூர் நில ஆணையம் 2014லேயே முப்பரிமாண தேசிய வரைபடப் பணியில் இறங்கியது. பூங்கா நிர்வாகத்தின் வழியாகக் கேட்பதே முறை. தரவு கைக்கு வந்ததும் அப்படியே வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மழுக்கி, சிறு மேடுகளை அழித்து, பிறகு முக்கியமான முகடு, ஓடை, பாதையைக் கையால் திரும்ப எழுப்ப வேண்டும்.

முப்பரிமாண அச்சு சோதனை மாதிரிக்கு நல்லது, வெளியில் நிரந்தரமாக வைக்க அல்ல. பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்கும். வெயிலில் கறுப்புப் பரப்பு அதை எட்டிவிடும். 0.2 மி.மீ. அச்சு அடுக்குகளும் விரலுக்குத் தெரியும்: மென்சரிவு முழுவதும் மாடி வயல்போல வரிவரியாக இருக்கும். மணல்தாள் தேய்த்து எபாக்சி பூசினால்தான் அடங்கும்.

நிரந்தரத்துக்கு வார்ப்பு வெண்கலம் நன்றாக உழைக்கும். வார்ப்பில் சுமார் ஒன்றரை விழுக்காடு சுருங்கும், அதை அச்சிலேயே கூட்டிவிட வேண்டும். செங்குத்துச் சுவர்களுக்கு 3 முதல் 5 டிகிரி சாய்வு கொடுக்காவிட்டால் அச்சு கழலாது. பட்டறைக்காரர் தன் போக்கில் சாய்வு வைப்பதற்கு முன் நீங்களே வைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் வீவக புளோக் எல்லாம் கூடாரமாகிவிடும். அலுமினியம் மலிவு, இலேசு. ஆனால் அதில் எஃகுப் புள்ளியோ வெண்கலத் துண்டோ பதித்தால் ஈரத்தில் இரு உலோகமும் மோதி அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். லாப்ரடார் மாதிரிக் கடலோரப் பூங்கா என்றால் எஃகு 316 தரமாக இருக்க வேண்டும், 304 பழுப்புக் கறை பிடிக்கும். பிளாஸ்டிக் பற்றி ஒரு விஷயம்: கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற இரசாயனம் பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்றவற்றையும் பல சாயங்களையும் இளக்கும். பூங்காவுக்கு வருபவர் கையில் அது இல்லாமல் இருக்காது. சாயம் பூசிய பிரெயில் பிசுபிசுத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொருளைவிட வெயில் பெரிய பிரச்சினை. உலோகம் 50 டிகிரியைத் தாண்டினால் ஆற அமரத் தடவ முடியாது, அனிச்சையாகக் கையை எடுத்துவிடுவார்கள். தொட்டறியும் மாதிரியைத் தொட முடியாத நிலை. நிழல் போடுவதிலும் நம் ஊருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. சிங்கப்பூர் நில நடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே. சூரியன் ஜூனில் வடக்குப் பக்கமும் டிசம்பரில் தெற்குப் பக்கமும் சாயும், உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 1.05க்கு. தட்டு தரையிலிருந்து 80 செ.மீ., கூரை 2.4 மீட்டர் என்று வைத்தால், காலை 10 முதல் மாலை 4 வரை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நிழல் விழ, கூரை தட்டைத் தாண்டிக் கிழக்கிலும் மேற்கிலும் சுமார் 1.7 மீட்டரும், வடக்கிலும் தெற்கிலும் 1.1 மீட்டரும் நீள வேண்டும். தெற்கு நோக்கிய 90 × 50 தட்டுக்குக் கூரை 4.3 × 2.7 மீட்டர். ‘தட்டின் அளவுக்கு ஒரு சின்னக் கூரை’ என்று வரைபடத்தில் போட்டிருந்தால் அது மழைக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது. தூங்குமூஞ்சி மரத்தடியில் வைக்கலாம்தான். சருகும் மைனா எச்சமும் தட்டில் நிரம்பும், தினம் துடைக்க ஆள் வேண்டும்.

மழை அடுத்தது. ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கும் மேல் பெய்யும் ஊரில், மலை மாதிரியில் பள்ளத்தாக்கு இருந்தால் அதில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு. 20 காசு நாணய அளவுத் தேக்கம் போதும் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனவே தட்டு முழுவதையும் பார்வையாளர் பக்கம் 10 டிகிரி சாய்த்து, ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் 6 மி.மீ. வடிதுளை போடுங்கள். துளையை விரல் ஓடும் பாதையில் போட்டால் அதை ஏதோ குறியீடு என்று நினைத்து நின்றுவிடுவார்கள். கடலோர விளிம்பை ஒட்டி ஒளித்துப் போடுங்கள். அடிப்பக்கமும் திறந்திருக்க வேண்டும், பெட்டிபோல மூடினால் உள்ளே குளம்.

மேசை அமைப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். முன்விளிம்பு 75 முதல் 80 செ.மீ. உயரம், அடியில் 70 செ.மீ. முழங்கால் இடம், உள்ளே 48 செ.மீ. ஆழம். முன்னால் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், வரும் வழியில் சரிவு 1:12ஐ மிஞ்சக் கூடாது. 50 செ.மீ.க்கு மேல் ஆழமான தட்டில் பின்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. மேசையைக் கண்டுபிடிக்க வழியும் வேண்டும்: பாதையிலிருந்து புடைப்புக் கோட்டுத் தரைக்கற்கள், மேசைக்கு முன்னால் தரைப் பொருளே மாற வேண்டும், சிமெண்டிலிருந்து மரப்பலகைக்கு. கைப்பிடிக் கம்பியையும் மறக்காதீர்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காஸ்டல் சான்ட் எல்மோ கோட்டையின் பார்வைமேடையில் கம்பியிலேயே பிரெயிலில் காட்சியை எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் மிச்சம், கம்பியைப் பிடித்து வருபவர் கைக்குத் தானாக அகப்படும்.

இப்போது பிரெயில். புள்ளியின் உயரம், இடைவெளி எல்லாம் விரலின் அளவுக்கு நிர்ணயித்தவை; எழுத்துருபோலப் பெரிதாக்கவோ சுருக்கவோ கூடாது. அமெரிக்க அணுகல் தரப்படி அடிவிட்டம் 1.5 முதல் 1.6 மி.மீ., உயரம் 0.6 முதல் 0.9, ஒரே கட்டத்துக்குள் (ஆறு புள்ளிகளுக்கான இடம்) புள்ளிக்குப் புள்ளி 2.3 முதல் 2.5, கட்டத்துக்குக் கட்டம் 6.1 முதல் 7.6, வரிக்கு வரி 10 மி.மீ. புள்ளி உருண்டையாக இருக்க வேண்டும், தட்டைத் தலை வெட்டினால் விரல் எரியும். வடிவமைப்பாளர் ‘இடம் போதவில்லை’ என்று பத்து விழுக்காடு சுருக்கிவிடுவதும், பலகையைத் தலைகீழாக மாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். மாட்டுபவருக்குப் பிரெயில் தெரியாது. பலகையின் மேல் வலது மூலையை வெட்டிவிட்டால் தப்பு நடக்காது.

தமிழ்ப் பிரெயில் வேண்டுமா? நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் அளவறிந்து. முன்விளிம்பில் மொழிக்கு 20 செ.மீ. ஒதுக்கினால் வரிக்கு 32 கட்டங்கள் கிடைக்கும். ஒரு வரியில் பெயர், அடுத்த வரியில் ‘தொடக்கப் புள்ளி மேலே நடுவில்’ என்ற ஒரு குறிப்பு, அவ்வளவுதான் அடங்கும். மீதியை ஒலி சுமக்கட்டும். தமிழ்ப் பிரெயில், இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறையைச் சேர்ந்தது. ‘அ’ முதல் புள்ளி, ‘க’ 1, 3 ஆகிய புள்ளிகள், ஆங்கில ‘கே’ எழுத்துக்கும் அதே புள்ளிகள்தான். கவனிக்க வேண்டியது வரிசை. அச்சில் ‘கொ’ எழுத ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. பிரெயிலில் க, பிறகு ஒ, ஒலிக்கும் முறைப்படி. மெய்யெழுத்தில் அச்சுப் புள்ளி தலைக்கு மேல் வரும். பிரெயிலில் நான்காம் புள்ளி மெய்க்கு முன்னால் வரும். தமிழ் எழுத்துருவை எழுத்துக்கு எழுத்து புள்ளியாக மாற்றும் மலிவான வழியில் போனால் இந்த இரண்டு இடத்திலும் உதைக்கும். லிப்லூயிஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் அட்டவணை இருக்கிறது. அதில் மாற்றி, தமிழ்ப் பிரெயில் படிப்பவர் ஒருவர் விரலால் சரிபார்த்த பிறகே பட்டறைக்கு அனுப்புங்கள். புடைப்பு அச்செழுத்தாகவும் தமிழைப் போட நினைத்தால், ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போதுமான 16 மி.மீ. நமக்குப் போதாது. ‘ண’வின் சுழிகள் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். 30 மி.மீ., அதுவும் ஒன்றிரண்டு சொற்களுக்கு மட்டும்.

ஒலிக்கு நான்கு பொத்தான்கள், நான்கு வெவ்வேறு வடிவம், அல்லது கைப்பேசி. கியூஆர் குறியீட்டைப் பார்வையில்லாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சுற்றிலும் 2 மி.மீ. புடைப்புச் சட்டம் போட்டு, எப்போதும் தட்டின் வலது முன்மூலையில் வையுங்கள். உரை ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ‘அழகிய’, ‘கண்கொள்ளா’ எல்லாம் வெட்டிவிடுங்கள். கையை நடத்திச் செல்ல வேண்டும். ஒரு மாதிரி:

‘முன்விளிம்பின் நடுவில் ஒரு வழவழப்பான குமிழ் இருக்கிறது. அதுதான் நீங்கள் நிற்கும் இடம், ஃபேபர் மலை உச்சி. முகம் தெற்கே பார்க்கிறது. குமிழிலிருந்து ஒரு கம்பி கிளம்புகிறது, பிடித்துக்கொள்ளுங்கள். அது கேபிள் கார் பாதை. மெதுவாக முன்னே போங்கள். கை கீழே இறங்குகிறதா? மொக்குமொக்காக இருப்பது மலைச்சரிவுக் காடு. கூர்மையான ஒரு கட்டி தட்டுப்படும், ஹார்பர்ஃபிரண்ட் கோபுரம். கேபிள் கார் அங்கே நின்று போகும். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வழவழப்பு, கடல். இப்போது மறுபடி மேடு. செந்தோசாவுக்கு வந்துவிட்டீர்கள்.’

சாதாரணப் பேச்சு வேகத்தில் இது ஒரு நிமிடத்துக்குள் முடியும். பதிவில் கேள்விக்குப் பிறகு மூன்று வினாடி மௌனம் விடுங்கள். கை வாயைவிட மெதுவாகப் போகும்.

மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு: கடல் கருநீலம், நிலம் வெளிர் மஞ்சள், எல்லாம் மங்கல் பூச்சு. பளபளப்புப் பூச்சில் வானத்தின் வெளிச்சம்தான் தெரியும்.

பூங்கா நிலத்தில் எதையும் நிரந்தரமாக வைக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் மாதாமாதம் போகிறவர்கள், ஆகவே தூக்கிச் செல்லும் தட்டு ஒன்றைச் செய்துவிடுங்கள். பரிந்துரைக்கு அதுவே சோதனை மாதிரியாகவும் ஆகும். 45 × 30 செ.மீ. ஒட்டுப்பலகை, 1:6000 அளவு. 3 மி.மீ. ஈவிஏ நுரைத்தாளைப் பத்து மீட்டர் உயரக்கோட்டுக்கு ஒன்றாக வெட்டி ஒட்டினால் 100 மீட்டர் மலை 30 மி.மீ. வரும், உயர மிகை ஏறத்தாழ இரண்டு மடங்கு தானாகவே அமைந்துவிடும். படிகளை அப்படியே விடாமல் காற்றில் உலரும் களிமண்ணால் பூசிச் சரிவாக்குங்கள். விட்டால் ‘மலையில் படிக்கட்டு இருக்கிறது’ என்றே எல்லோரும் சொல்வார்கள். காட்டுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், கடலுக்கு வழவழப்பான பிளாஸ்டிக் தாள், கட்டடத்துக்கு மரத்துண்டு, கேபிள் காருக்கு மெழுகு பூசிய தடித்த நூலைக் களிமண் மேல் அழுத்திப் பசையிட்டது.

சோதிக்கும்போது ஐந்தாறு பேரிடம் கொடுங்கள்: பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பிற்காலத்தில் இழந்தவர், மங்கலாகத் தெரிபவர், மூவகையும் இருக்கட்டும். நேரத்துக்கு ஏதாவது கொடுத்து அழையுங்கள், இது அவர்களுடைய திறமை. முதல் இரண்டு நிமிடம் எதுவும் விளக்காதீர்கள், கையைப் பிடித்து நகர்த்தாதீர்கள். விரல் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது, எதைத் தொடாமலே விடுகிறது என்று மட்டும் குறியுங்கள். பிறகு தட்டை எடுத்துவிட்டு, ‘நமக்கு முன்னால் என்ன இருக்கிறது, கையை நீட்டிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கடலின் திசையைச் சரியாகக் காட்டினால் தட்டு வேலை செய்கிறது. மூன்று பேருக்குமேல் தடுமாறினால் பெரும்பாலும் குற்றம் இரண்டில் ஒன்று: தொடக்கக் குமிழ் உடனே அகப்படவில்லை, அல்லது காட்டின் சொரசொரப்பும் கட்டடத்தின் சொரசொரப்பும் ஒன்றுபோல இருக்கின்றன. இந்த இரண்டையும் சரிசெய்து மறு மாதம் மறுபடி கொண்டுபோங்கள். அப்போது ஆட்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை தொட்டவருக்கு வழி தெரிந்திருக்கும்.